கோட்டை இருக்கிறது... ஓவியம் எங்கே?

பெரம்பலூரிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் சுமார் 17 கிலோமீட்டர் போனால் ரஞ்சன்குடிக் கோட்டை. விடுமுறை நாளில் குடும்பத்தோடு அங்கே போய், மூச்சு வாங்க மேலே ஏறி, கொத்தளத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் நம் வாசகர்களில் நிறைய பேர் இருப்பீர்கள். அடுக்கடுக்கான மதில், அகழி, அரைவட்டக் கொத்தளங்கள். கல்லைச் செதுக்கி அடுக்கியிருக்கும் நேர்த்தியைப் பார்த்தால் இது சண்டைக்காகக் கட்டிய இடம் என்பதே மறந்துபோகும்.

ஆனால் இந்தப் பக்கம் சண்டை நடந்திருக்கிறது. 1751-ல் ஆற்காட்டு நவாப் பதவிக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள். சந்தா சாகிப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள், முகமது அலி பக்கம் ஆங்கிலேயர்கள். இரண்டு படைகளும் வாலிகண்டபுரம் அருகே மோதிக்கொண்டன. ஆங்கிலேயப் படை கலைந்து திருச்சியை நோக்கிப் பின்வாங்கியது. பள்ளிப் பாடத்தில் 'கர்நாடகப் போர்' என்று படித்தோமே, அதில் ஒரு பக்கம் நம் ஊர் வயலிலும் நடந்தது.

ஒரு படை வந்து இறங்கினால் அதோடு சிப்பாய்கள் மட்டுமா வருவார்கள்? பீரங்கி இழுக்கும் மாடுகள், குதிரைகள், சமையல்காரர்கள், சுமைகூலிகள் என்று ஒரு நகரமே நகர்ந்து வரும். அத்தனை வாய்க்கும் தானியம் எங்கிருந்து வரும்? அத்தனை கால்நடைக்கும் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வரும்? அந்த வருடம் இங்கே விதைத்தவர்கள் அறுத்தார்களா? கோட்டையின் கற்களைக் கேட்டால் பதில் வராது. அந்தச் சண்டையைக் காட்டும் ஓவியம் எதுவும் அந்தச் சுவரில் இல்லை.

போரை யார் வரைகிறார்கள்? எப்போது வரைகிறார்கள்? யாரை வரையாமல் விடுகிறார்கள்? இந்த வாரம் இந்த மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து பார்க்கலாம், வாருங்கள்.

ஜெயித்தவர் வீட்டுச் சுவர்

மைசூர் சுற்றுலா போனவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் கோடைக்கால மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். தரியா தௌலத் பாக் என்று பெயர். அதன் சுவரில் பிரமாண்டமான ஒரு போர் ஓவியம் உண்டு. கர்நாடகத்தில் இருந்தாலும் அது காட்டுவது நம் தமிழ்நாட்டுப் போரைத்தான். 1780 செப்டம்பர் 10-ல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயப் படையைச் சின்னாபின்னமாக்கிய சண்டை அது.

ஓவியத்தின் நடுவே சிவப்புச் சட்டைக்காரர்கள் சதுரமாக அணிவகுத்து நிற்கிறார்கள். சுற்றிலும் மைசூர்க் குதிரைகள். வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. ஆங்கிலேயத் தளபதி பெய்லி பல்லக்குக்குள் கையாலாகாமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் பின்னர் ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையிலேயே இறந்துபோனார். தலைகள் உருள்கின்றன, உடல்கள் விழுகின்றன. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்க்கும்போது நமக்கு அழுகை வராது, 'அடேங்கப்பா' என்றுதான் வாய் பிளப்போம். அது அப்படிப் பார்ப்பதற்காகவே வரைந்த படம். திப்புவும் ஹைதரும் பெரிதாக, நிதானமாக, பூப்போல உட்கார்ந்து வருகிறார்கள்.

அந்தச் சுவரில் இல்லாத ஒன்று உண்டு. அந்தப் போரால் தொண்டை மண்டலத்துக் கிராமங்கள் பாழாகின. மக்கள் பசியோடு சென்னைப் பட்டணத்துக்குள் வந்து குவிந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காக 1782-ல் தொடங்கியதுதான் மணியக்காரர் சத்திரம். சென்னையில் பெரியவர்கள் அதைக் 'கஞ்சித் தொட்டி' என்பார்கள். இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை அந்த இடத்தில் முளைத்து வளர்ந்ததுதான்.

ஒரே போரின் இரண்டு அடையாளங்கள் இவை. ஒன்று மாளிகைச் சுவரில் வண்ணமாக நிற்கிறது. இன்னொன்று கஞ்சித் தொட்டி என்ற பெயரில் மட்டும் நிற்கிறது. வண்ணம் ஜெயித்தவருக்குக் கிடைத்தது, பசித்தவருக்குக் கிடைக்கவில்லை.

கங்கைகொண்ட சோழபுரத்துப் பேய்கள்

இது திப்பு காலத்துப் பழக்கம் மட்டும் அல்ல. அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகவே தெரியும். ராஜேந்திர சோழன் வடக்கே படை அனுப்பி ஜெயித்ததன் நினைவாக எழுந்த தலைநகரம் கங்கைகொண்ட சோழபுரம். ஊர்ப் பெயரே வெற்றி அறிவிப்பு. அவன் வெட்டிய சோழகங்கம் ஏரி, இன்று நாம் பொன்னேரி என்கிறோமே, அதுவும் தண்ணீரால் நாட்டிய வெற்றித் தூண்.

அந்தத் தலைநகரிலிருந்து முதலாம் குலோத்துங்க சோழன் ஆண்ட காலத்தில் கலிங்கத்தின் மீது படை போனது. அதைப் பாடியதுதான் ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி. தமிழில் போர்க்களத்தை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டிய நூல் வேறு இல்லை என்றே சொல்லலாம். அதில் போர் முடிந்த களத்துக்குப் பேய்கள் வருகின்றன. பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கின்றன. பல் தேய்த்து, குளித்து, அடுப்பு மூட்டி, பரிமாறி, பந்தி உட்கார்ந்து சாப்பிடுகின்றன. கல்யாண வீட்டுச் சமையற்கட்டைப் போலவே வர்ணனை நடக்கும். படித்தால் சிரிப்பும் வரும், வயிற்றைப் பிசையவும் செய்யும்.

ஆனால் சாப்பிட்டு முடித்த பேய்கள் என்ன செய்கின்றன? ராஜாவை வாழ்த்துகின்றன. கலிங்கத்தில் விழுந்தவர்களுக்கு வீடு இருந்ததா, வீட்டில் யாராவது வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்களா என்பது பரணியின் வேலை இல்லை. அது புலவர் குற்றமும் இல்லை, அந்த இலக்கிய வகையே வெற்றியைப் பாடுவதற்கு என்று பிறந்தது.

சக்கரம் சுற்றியது. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் கை ஓங்கியது. தஞ்சையையும் உறந்தையையும் எரித்ததைச் சுந்தர பாண்டியன் தன் மெய்க்கீர்த்தியில் பெருமையாகவே பொறித்துக்கொண்டான். 1279-ஓடு சோழர் ஆட்சி முடிந்தது. இன்று மாளிகைமேட்டில் அரண்மனையின் செங்கல் அடித்தளம் மட்டும் மண்ணுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது. கோயிலின் மதில் கற்கள்கூட 1836-ல் கொள்ளிடத்தின் கீழணை கட்டப் பெயர்த்துக்கொண்டு போகப்பட்டன. ஜெயித்தபோது பாட்டு இருந்தது. தோற்றபோது அந்த நகரத்து மக்கள் எங்கே போனார்கள் என்று வரைந்து வைக்க ஒரு கை இல்லை.

ஹிரோஷிமாவின் பேய்கள்

இந்தப் பழக்கம் எப்போது மாறியது? ஸ்பெயினில் கோயா என்ற ஓவியர் நெப்போலியன் படையெடுப்பின் கொடுமைகளை 80-க்கும் மேற்பட்ட அச்சுப் படங்களாகச் செதுக்கினார். ராஜா இல்லை, கொடி இல்லை. தூக்கில் தொங்குபவர்கள், பசியில் சரிந்தவர்கள், குழந்தையை இழுத்துக்கொண்டு ஓடும் அம்மாக்கள். தன் காலத்தில் அவற்றை வெளியிட முடியாமலே 1828-ல் அவர் இறந்தார். புத்தகமாக வந்தது 1863-ல்.

அதற்குப் பிறகு இரண்டு உலகப் போர்கள். போரின் அளவு மாறியபோது ஓவியத்தின் கேள்வியும் மாறியது. 'யார் ஜெயித்தது?' என்பது போய், 'யாருக்கு என்ன ஆயிற்று?' என்பது வந்தது.

ஜப்பானில் ஒரு கணவன் மனைவி, இருவருமே ஓவியர்கள். கணவர் இரி மருகி, மனைவி தோஷி மருகி. இரியின் சொந்த ஊர் ஹிரோஷிமா பக்கம். 1945 ஆகஸ்ட் 6-ல் அணுகுண்டு விழுந்த சில நாட்களில் உறவினர்களைத் தேடி இருவரும் அங்கே போனார்கள். கண்டதை உடனே வரைய அவர்களுக்குக் கை வரவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1950-ல் முதல் ஓவியம் வெளியே வந்தது. ஜப்பான் அப்போது அமெரிக்க ஆக்கிரமிப்பின் கீழ் இருந்தது. அணுகுண்டைப் பற்றிப் பேசுவதற்கே தயங்கிய காலம்.

அந்த முதல் ஓவியத்தின் பெயர் 'பேய்கள்'.

ஆமாம், நம் பரணியில் வருகிற அதே பேய்கள். ஆனால் இந்தப் பேய்கள் கூழ் குடிக்கவில்லை, யாரையும் வாழ்த்தவில்லை. உடை எரிந்து, தோல் கழன்று, கைகளை முன்னால் நீட்டியபடி வரிசையாக நடந்து வருகிறார்கள். அவர்கள் வேறு யாரும் இல்லை, அந்த ஊர் ஜனங்கள். காலையில் வேலைக்குப் போன அப்பா, பள்ளிக்கூடம் போன பிள்ளை, கைக்குழந்தையோடு நின்ற அம்மா. படத்தில் குண்டு இல்லை, விமானம் இல்லை, காளான் மேகம் இல்லை, இடிந்த கட்டடம்கூட இல்லை. மனித உடல்கள் மட்டுமே. சுமார் 1.8 மீட்டர் உயரம், 7.2 மீட்டர் நீளம். முன்னால் நின்றால் நம் உயரத்துக்கே அவர்கள் நிற்பார்கள், தப்பிக்க முடியாது.

இருவரும் சேர்ந்து 32 ஆண்டுகளில் இப்படி 15 பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். மை பூசுவதில் இரி கெட்டிக்காரர், உடலை உயிரோடு வரைவதில் தோஷி கெட்டிக்காரர். ஒருவர் வரைந்ததன் மேல் இன்னொருவர் மை ஊற்றுவாராம். குடும்பப் பத்திரிகை வாசகர்களுக்குச் சொல்லவா வேண்டும், சண்டை இல்லாமலா இருந்திருக்கும்!

ஒரு விஷயம் கவனியுங்கள். தங்கள் ஜனங்களின் துயரத்தோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. ஹிரோஷிமாவில் அமெரிக்கப் போர்க்கைதிகளும் செத்தார்கள், அதற்கு ஓர் ஓவியம். கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட கொரியர்களும் செத்தார்கள், அவர்கள் உடலை எடுக்கக்கூட ஆள் இல்லாமல் கடைசி வரை கிடந்தன, அதற்கும் ஓர் ஓவியம். தன் காயத்தைக் காட்டுகிறவர்கள் நிறைய பேர். தன் காயத்துக்குப் பக்கத்திலேயே எதிராளியின் காயத்தையும் காட்ட மனசு வேண்டும்.

77 வயதில் எடுத்த பென்சில்

'அவர்கள் பெரிய ஓவியர்கள், நமக்கு ஒரு கோடுகூட நேராக வராதே' என்கிறீர்களா? அதே ஹிரோஷிமாவில் 1974-ல் இன்னொன்று நடந்தது. 77 வயதுப் பெரியவர் ஒருவர் தொலைக்காட்சி நிலையத்துக்கு ஒரு படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். குண்டு விழுந்த நாளில் தான் கண்டதை அவரே வரைந்த படம். ஓவியம் படித்தவர் அல்ல. நிலையத்தார் அதைப் பார்த்துவிட்டு, 'உங்களிடமும் இப்படி இருந்தால் வரைந்து அனுப்புங்கள்' என்று மக்களைக் கேட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் 2,000-க்கும் மேற்பட்ட படங்கள் வந்து சேர்ந்தன.

வண்ணப் பென்சில், குழந்தைகளின் கிரேயான், எது கிடைத்ததோ அது. உருவ அளவு சரியாக இருக்காது. கை நீளமாக, தலை சின்னதாக இருக்கும். படத்தின் ஓரத்தில் எழுத்தால் விளக்கம் இருக்கும். அந்தப் படங்கள்தான் இன்று ஹிரோஷிமாவின் பெரிய சாட்சிகளில் ஒன்று. ஏனென்றால் அன்று காலை பெரும்பாலான தெருக்களில் கேமரா இல்லை, கண்கள் மட்டுமே இருந்தன.

நம் நாட்டிலும் இந்த வழி உண்டு. 1943-ல், உலகப் போரின் நடுவே, வங்காளத்தைப் பஞ்சம் விழுங்கியபோது ஜைனுல் ஆபிதீன் மலிவான தாளில் கறுப்பு மையால் தெருவில் கிடந்தவர்களை வரைந்தார். அதே பஞ்சத்தை ஊர் ஊராக நடந்து வரைந்த சித்தபிரசாதின் புத்தகத்தை ஆங்கில அரசு பறித்து எரித்தது. இவர்களோடு அந்தப் பஞ்சத்தைப் பார்த்த இளைஞர் சோம்நாத் ஹோர். 1970-களில் அவர் 'காயங்கள்' என்று ஒரு வரிசை செய்தார். வெள்ளைக் காகிதக் கூழில் வெட்டும் குழியும் மட்டும், வேறு வண்ணமே இல்லை. தூரத்திலிருந்து வெற்றுத் தாள் என்று தோன்றும், கிட்டே போனால் அது தோல் என்று புரியும்.

மூங்கிலுக்குள் ஒளித்த படங்கள்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை திருச்சி மாவட்டத்துக்குள் இருந்த பகுதிகள். மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆட்கள் அதிகம் போன தமிழ் மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போன பூட்டனார் கதை இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் இன்னும் உண்டு. 'போனாரு, கொஞ்ச நாள் பணம் அனுப்புனாரு, அப்புறம் தகவலே இல்லை' என்று முடிகிற கதைகளும் உண்டு.

அந்தத் தகவல் நின்றுபோன வருடம் 1942, 1943 என்றால் கொஞ்சம் யோசியுங்கள். அந்த ஆண்டுகளில் மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பானியப் படை, தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. சயாம் மரண ரயில் என்று நாம் சொல்வது அதைத்தான். காடும் மலையும் மழையும் காலராவும் இருந்த இடத்தில் ஒன்றரை வருடத்துக்குள் முடித்தார்கள். வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல் அங்கே வேலை செய்தார்கள், 12,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள், பர்மியர்கள், ஜாவாக்காரர்கள், மலாய்க்காரர்கள். அவர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு.

போர்க்கைதிகளில் சில ஓவியர்கள் இருந்தார்கள். ஜாக் சாக்கர் என்ற இளைஞர் சிங்கப்பூரில் பிடிபட்டவர். திருட்டுத்தனமாகச் சேர்த்த தாளில் புண் பிடித்த கால்களை, மூங்கில் கட்டில் மருத்துவமனையை, எலும்பும் தோலுமான நண்பர்களை வரைந்தார். ஒருமுறை காவலாளியிடம் மாட்டி அடி வாங்கினார், படங்கள் கிழிபட்டன. அதற்குப் பிறகும் வரைந்தார். மூங்கில் குழாய்க்குள் சுருட்டி ஒளித்து வைத்தார். ரொனால்ட் சேர்ல் என்ற இன்னொருவர், காலராவில் கிடந்தவர்களின் படுக்கைக்கு அடியில் தன் படங்களை ஒளித்து வைத்தார். தொற்றுக்குப் பயந்து காவலாளிகள் அங்கே வர மாட்டார்கள் அல்லவா! போருக்குப் பின் அவர் உலகப் புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரர் ஆனார். அந்தச் சிறைப் படங்கள் இன்று லண்டன் போர் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். புல்லை ஒட்ட வெட்டி, ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு பலகை வைத்துப் பராமரிக்கிறார்கள். அந்த வரிசைகளில் தோட்டத்திலிருந்து போன முனியாண்டிக்கும் மாரியாயிக்கும் இடம் இல்லை.

இதற்காக அந்தப் போர்க்கைதி ஓவியர்களைக் குறை சொல்ல முடியாது. உயிரைப் பணயம் வைத்து, பக்கத்தில் செத்துக்கொண்டிருந்தவர்களை வரைந்தார்கள். அவர்கள் வரைந்ததால்தான் அந்தக் கூடாரம் எப்படி இருந்தது, அந்த மூங்கில் கட்டில் எப்படி இருந்தது என்று நமக்கே தெரிகிறது. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். அவர்களிடம் பென்சிலும் ஓவியப் பள்ளியின் பயிற்சியும் இருந்தன. திரும்பிப் போனதும் படங்களை வாங்கி வைக்க ஒரு நாடும் ஓர் அருங்காட்சியகமும் காத்திருந்தன. நம் ஆட்களிடம் இவற்றில் ஒன்றுமே இல்லை. தமிழர்களின் மரண ரயில் அனுபவம் வாய்ச்சொல்லாகவும், மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் பின்னாளில் எழுதிய நாவல்களாகவும்தான் வந்து சேர்ந்தது.

விட்டு வந்த வீடு

கடைசியாக ஒரு வரைபடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், இலங்கைப் போர் முடிந்த பிறகு ஒரு காரியம் செய்தார். வடக்கிலிருந்து போரால் இடம்பெயர்ந்தவர்களைச் சந்தித்து, 'நீங்கள் விட்டு வந்த வீட்டை வரைந்து காட்டுங்கள்' என்று கேட்டார். தமிழர்கள் வரைந்தார்கள். வடக்கிலிருந்து 1990-ல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் வரைந்தார்கள்.

அவர்கள் குண்டையோ ரத்தத்தையோ வரையவில்லை. கிணறு எங்கே, சாமியறை எங்கே, பலாமரம் எந்த மூலையில், படலை எந்தப் பக்கம் திறக்கும் என்று வரைந்தார்கள். அந்தக் கைப்படத்துக்குப் பக்கத்தில் கட்டட வரைஞர் போட்ட துல்லியமான கோட்டுப் படம், அவர்கள் சொன்ன கதை, சனாதனன் வரைந்த ஓவியம் என்று சேர்த்து 2011-ல் ஒரு புத்தகம் வந்தது. பார்க்க அலுவலகக் கோப்பு போலவே இருக்கும். 'முடிவுறாத தோம்பு' என்று பெயரைச் சொல்லலாம். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்து நிலப் பதிவேடு. அரசாங்கத்தின் பதிவேட்டில் நிலத்தின் அளவும் உரிமையாளர் பெயரும் இருக்கும். இந்தத் தோம்பில் மட்டும்தான் எந்த ஜன்னலோரம் அம்மா உட்கார்ந்து அரிசி புடைப்பார் என்பதும் பதிவாகும்.

கொழும்பிலோ சிங்கள ஓவியர் சந்திரகுப்த தேனுவர, சோதனைச்சாவடிகளில் ராணுவ வண்ணம் பூசி வைத்த தார்ப் பீப்பாய்களையே 1997 முதல் கலைப்பொருளாக்கிக் காட்டினார். 1983 ஜூலைக் கலவரத்தை மறக்கக் கூடாது என்று ஆண்டுதோறும் ஜூலையில் கண்காட்சி வைக்கிறார். மருகி தம்பதியிடம் பார்த்தோமே, அதே மனசு. தமிழ்நாட்டில் ஓவியர் கு. புகழேந்தி ஈழப் போரின் முகங்களைப் பெரிய பெரிய ஓவியங்களாக வரைந்து ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்தார்.

இவை எல்லாம் எங்கோ நடப்பவை அல்ல. பெரம்பலூர் துறைமங்கலத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021 முதல் அரசு அதை மறுவாழ்வு முகாம் என்கிறது. நம் பிள்ளைகளோடு அவர்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். நம் தெருவில் வேலைக்கு வருகிறார்கள். 'எந்த ஊரு?' என்று கேட்டால் 'பெரம்பலூர்' என்று சொல்கிற தலைமுறை வளர்ந்துவிட்டது. ஆனால் அந்த வீடுகளில் இருக்கும் பாட்டிகளின் மனசுக்குள் இன்னொரு வீடு இருக்கிறது. கிணறு, படலை, பலாமரத்தோடு. அதை அவர்கள் தாளில் இறக்கி வைக்காவிட்டால், அவர்களோடு அதுவும் போய்விடும்.

ஒரு தாள், ஒரு பென்சில்

இன்று போர் நம் கைபேசிக்குள்ளேயே வருகிறது. காலை காபியோடு ஒரு கட்டடம் இடிந்து விழுகிறது, விரலைத் தள்ளினால் அடுத்தது சமையல் குறிப்பு. பெரும்பாலான காட்சிகள் மேலேயிருந்து, ட்ரோன் கண்ணால் எடுத்தவை. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் வீடு ஒரு சதுரமாகத்தான் தெரியும். அதற்குள் யார் அரிசி புடைத்தார்கள் என்பது தெரியாது. பொள்ளிலூர் ஓவியத்தைப் பார்த்து வாய் பிளந்த மாதிரியே இதையும் பார்த்துப் பழகிவிடுகிறோம். போருக்குப் பின் வந்த ஓவியர்கள் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: கீழே இறங்கி, கிட்டே போய்ப் பார்.

அதனால் இந்த வாரம் ஒரு சின்ன வேலை. உங்கள் வீட்டில் அல்லது தெருவில் பர்மாவிலிருந்து நடந்து வந்த குடும்பம், மலாயாவிலிருந்து திரும்பிய குடும்பம், இலங்கையிலிருந்து படகில் வந்த குடும்பம் இருக்கலாம். ராணுவத்தில் இருந்து வந்த தாத்தா இருக்கலாம். அவரிடம் கைபேசியை நீட்டி 'வீடியோ எடுக்கிறேன், பேசுங்க' என்று சொன்னால் பலருக்குப் பேச்சு நின்றுவிடும். ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். 'போரைப் பற்றிச் சொல்லுங்க' என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்வி சிலருக்குப் பழைய புண்ணைக் கிளறிவிடும். 'நீங்க இருந்த வீட்டை வரைஞ்சு காட்டுங்க பாட்டி, அடுப்பு எந்தப் பக்கம் இருந்துச்சு?' என்று கேளுங்கள். மனசில்லை என்றால் விட்டுவிடுங்கள். மனசு இருந்தால் கோடு தானாக நடக்கும். கோட்டோடு கதையும் வரும்.

பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். 'இது என்ன பாட்டி?' என்று அவர்கள் கேட்பார்கள். நமக்குக் கேட்கத் தோன்றாத கேள்வியெல்லாம் அவர்களுக்குத் தோன்றும்.

வரைந்து முடித்ததும் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் வரைந்தவர் பெயர், அந்த வீடு இருந்த ஊர், இன்றைய தேதி மூன்றையும் எழுதுங்கள். மடிக்காமல், ரேஷன் கார்டும் பத்திரமும் வைக்கிற உறையில் வையுங்கள்.